மிச்சம் யாருக்கு?

சிகாகோ நகரத்தின் மேற்கெல்லையை ஒட்டிய சிசெரோ என்னும் ஊரில், டெலிபோனுக்கு வேண்டிய கருவிகளைச் செய்வதற்காக வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியார் 1905-ஆம் ஆண்டு வாக்கில் நிறுவிய ஹாதார்ன் தொழிற்சாலை, தனக்கென்று ஆஸ்பத்திரியும் தீயணைப்புப் படையும் ரெயில் பாதையும் வைத்துக்கொண்டு, உச்ச காலத்தில் நாற்பதாயிரம் பேருக்கு வேலை கொடுத்து, ஒரு நகரமாகவே இருந்து வந்தது. அங்கே உருவான டெலிபோன்களெல்லாம் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. தொழிற்சாலையும் 1980-களில் மூடப்பட்டு, அந்த மனையில் இப்போது கடைகள் நிறைந்திருக்கின்றன. ஆயினும், வேலை செய்கிற மனிதனுக்கு உற்சாகம் எங்கிருந்து பிறக்கிறது, அந்த உற்சாகம் உற்பத்தியைப் பெருக்குமா என்னும் விசாரணை எழும்போதெல்லாம், உலகத்தில் எந்த மூலையில் இருக்கிற நிர்வாக சாஸ்திர ஆசிரியரும் அந்தத் தொழிற்சாலையின் பெயரைச் சொல்லாமல் பாடத்தைத் தொடங்குவதில்லை. அதற்குக் காரணம் 1924 முதல் 1932 வரையில் அங்கே நடந்த பரிசோதனைகள். அவற்றுள் இரண்டு அறைகளில் நடந்தவை எனக்கு மிக முக்கியமானவையாகத் தோன்றுகின்றன. முதல் அறையின் கதை எல்லாப் பாடப் புத்தகங்களிலும் விஸ்தாரமாக இருக்கிறது. இரண்டாவது அறையின் கதையும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சொல்லும்போது ஆசிரியர்களின் குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடுகிறது.

விஷயம் ஆரம்பித்தது விளக்கில். அதிக வெளிச்சம் இருந்தால் அதிக வேலை நடக்கும் என்று ருசுப்படுத்துவதில் மின்சார விளக்குக் கம்பெனிகளுக்கு இயல்பாகவே இருந்த அக்கறையினால், அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில், ஹாதார்னில் மூன்று வருஷ காலம் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். கூட்டியபோது உற்பத்தி கூடியது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெளிச்சத்தை மாற்றாமல் விட்டிருந்த கூட்டத்தாரிடமும் கூடியது. இரண்டு பெண்கள் நிலா வெளிச்சத்துக்கு மேற்படாத மங்கலில்கூடத் தங்கள் வழக்கமான வேகத்தை விடாமல் வேலை செய்து காட்டினார்கள் என்று அறிக்கைகள் சொல்லுகின்றன. அந்தப் பழைய எண்களை 2011-இல் தூசி தட்டி எடுத்து மறுபடியும் கணக்கிட்ட பொருளாதார அறிஞர்கள் இருவர், பாடப் புத்தகங்கள் வர்ணிக்கிற அளவுக்கு அங்கே விந்தை ஒன்றும் நிகழவில்லை என்று கண்டார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். விந்தையோ இல்லையோ, விளக்குக்காரர்களுக்கு அதனால் பிரயோசனம் இல்லாது போயிற்று. கம்பெனியாருக்கு மட்டும், வெளிச்சம் காரணமில்லையென்றால் வேறு எதுதான் காரணம் என்ற கேள்வி மனத்தில் தங்கிவிட்டது.

அந்தக் கேள்விக்கு விடை தேடி 1927-இல் ஆறு இளம் பெண்களைப் பிரதான கூடத்திலிருந்து பிரித்துத் தனியறை ஒன்றில் உட்கார வைத்தார்கள். ரிலே என்று சொல்லப்படுகிற, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மின்சாரப் பாதையைத் திறந்து மூடுகிற சின்னக் கருவியைப் பூட்டுவது அவர்கள் தொழில். ஐந்து பெண்கள் பூட்டுவார்கள். ஆறாவது பெண் வேண்டிய உறுப்புகளை எடுத்துக் கொடுப்பாள். சுமார் முப்பத்தைந்து உறுப்புகளை அடுக்கித் திருகி ஒரு ரிலேயை முடிப்பதற்குத் தேர்ந்த கைக்கு ஏறத்தாழ ஒரு நிமிஷம் ஆகும். அந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு ஐந்நூறு. முடிந்த ரிலேயைச் சரிவான குழாயில் போட்டவுடன், ஓடிக்கொண்டிருக்கிற காகித நாடாவில் தானாக ஒரு துளை விழும். அறையின் உஷ்ணத்தையும் ஈரத்தையும் குறித்தார்கள். அந்தப் பெண்கள் முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டும் குறித்தார்கள். கம்பெனி ஆஸ்பத்திரிக்கு அவ்வப்போது அழைத்துப் போய் உடம்பைப் பரீட்சித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக யாருக்குத்தான் பிடிக்கும்? ஆகையால் பரீட்சை முடிந்ததும் ஐஸ்கிரீமும் கேக்கும் கொடுத்து அதை ஒரு சிறு விருந்தாக மாற்றினார்கள். இவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய எளிய குடும்பங்களின் பெண்கள். சம்பளத்தை வீட்டில் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கியவர்கள். ஆபீஸ் அறைக்கு அழைத்து, அடுத்தபடி இன்ன மாறுதல் செய்ய உத்தேசம், உங்கள் அபிப்பிராயம் என்ன என்று மேலதிகாரி தங்களைக் கேட்பது அவர்கள் வாழ்க்கையில் அதற்கு முன் நடந்திராத காரியம்.

மாறுதல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலில் கூலியைக் கணக்கிடும் விதம் மாறியது. காலையிலும் மாலையிலும் ஐந்து நிமிஷ ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். அதைப் பத்து நிமிஷமாக்கினார்கள். ஐந்தைந்து நிமிஷமாக ஆறு தடவை கொடுத்தபோது, வேலையின் ஓட்டம் அறுந்து போகிறது என்று பெண்கள் முறையிட்டதால் அதைக் கைவிட்டார்கள். காலை ஓய்வில் சிற்றுண்டி கொடுத்தார்கள். மாலையில் அரை மணி முன்னதாக, பிறகு ஒரு மணி முன்னதாக வீட்டுக்கு அனுப்பினார்கள். சனிக்கிழமை வேலையையும் சில காலம் நிறுத்தி வைத்தார்கள். மொத்தத்தில் உற்பத்தி ஏறுமுகமாகவே இருந்தது. 1928 செப்டம்பரில் கொடுத்த சலுகைகள் அத்தனையையும் ஒரே நாளில் பறித்துக்கொண்டு, ஓய்வும் சிற்றுண்டியும் இல்லாத பழைய நாற்பத்தெட்டு மணி வாரத்துக்கே அவர்களைத் திருப்பி, பன்னிரண்டு வாரம் அப்படியே வைத்திருந்தார்கள். மணிக் கணக்கில் வேகம் கொஞ்சம் தளர்ந்ததே தவிர, வார மொத்தம் அதுவரை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. மனோதத்துவ வரலாற்றில் இவ்வளவு பிரசித்தி பெற்ற பன்னிரண்டு வாரங்கள் வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

இதற்கு வியாக்கியானம் செய்து புகழ் பெற்றவர் எல்டன் மேயோ. ஆஸ்திரேலியாவில் அடிலெயிடில் பிறந்து, ஹார்வர்டு வணிகக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த பேராசிரியர் அவர். பரிசோதனை தொடங்கி ஒரு வருஷம் கழித்துத்தான் ஹாதார்னில் காலடி வைத்தார். ஓய்வோ கூலியோ வெளிச்சமோ இந்தப் பெண்களை உற்சாகப்படுத்தவில்லை. தங்களை ஒருவர் கவனிக்கிறார், தங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது, தாங்கள் ஒரு சிறு குழுவாக ஒன்றியிருக்கிறோம் என்ற உணர்ச்சியே அவர்களை உற்சாகப்படுத்தியது என்பது அவர் கண்ட தீர்ப்பின் சாராம்சம். கூலியை உயர்த்தாமலே உழைப்பை உயர்த்தலாம் என்று கேட்க எந்த முதலாளிக்குக் கசக்கும்? அந்தத் தீர்ப்பு காட்டுத் தீயாகப் பரவியது. 1928 முதல் சுமார் இரண்டு வருஷ காலத்தில் ஹாதார்ன் தொழிலாளிகள் 21,000 பேருக்கு மேற்பட்டவர்களைத் தனித்தனியே உட்கார வைத்து, மனத்தில் உள்ளதைக் கொட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்று பெரிய கம்பெனிகளில் ஆட்களை நிர்வகிப்பதற்கென்று ஒரு இலாகாவும், அதற்கென்று படித்துப் பட்டம் பெற்ற அதிகாரிகளும் இருப்பதில் அந்தச் செவிசாய்த்தலுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடுகிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்று நம்மவர்கள் சொல்லி வைத்தார்களே, மேயோவின் சாஸ்திரம் முழுவதையும் அந்த ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அந்தப் பழமொழி கறக்கிறவனுக்குச் சொன்ன புத்தி. கறந்த பால் எங்கே போகிறது என்று மாடு கேட்பதில்லை. ஆகையால் பழமொழிக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை. மனிதன் கேட்கிறான். வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் மனத்துக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

ரிலே அறையின் கதையில் அடிக்கடி விடுபட்டுப் போகிற இரண்டு விஷயங்களை இங்கே எடுத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, கூலி. பிரதான கூடத்தில் இருந்தபோது சுமார் நூறு பெண்களின் மொத்த உற்பத்தியைக் கொண்டு அவர்களுடைய கூலி நிர்ணயமாயிற்று. ஒருத்தி உயிரைக் கொடுத்து உழைத்தாலும் அதன் பலன் நூறு பங்காகக் கரைந்துவிடும். தனியறைக்கு வந்தபின் கூலி அந்தச் சிறு குழுவின் உற்பத்தியைக் கொண்டே கணக்கிடப்பட்டது. தன் விரல்களின் வேகம் தன் கூலிக் கவரிலேயே தெரிந்தது. இரண்டாவது, ஆள் மாற்றம். அதிகமாகப் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று இரண்டு பெண்களை 1928 ஜனவரியில் அறையைவிட்டு அனுப்பிவிட்டு, கைவேகம் மிகுந்த வேறு இருவரைக் கொண்டுவந்தார்கள். அவ்விருவரில் ஒருத்தி, குடும்பத்தின் பாரம் தன் தலையில் விழுந்திருந்தபடியால் பணத்துக்கு மிகவும் முடையாக இருந்தவள். அவள் வந்தபின் அறையின் வேகம் அவளுடைய வேகமாயிற்று. அன்பான மேற்பார்வையின் மகிமையை விளக்கும் பரிசோதனையில், சொன்னபடி கேளாதவர்கள் வெளியேற்றப்பட்டார்கள் என்பதை அலெக்ஸ் கேரி என்பவர் 1967-இல் ஒரு காரசாரமான கட்டுரையில் எடுத்துக் காட்டினார். அவரும் ஆஸ்திரேலியாவில் பணி புரிந்தவர் என்பது ஒரு வேடிக்கை.

ஆராய்ச்சியாளர்களே இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள முயன்றார்கள் என்பதையும் மறைக்கலாகாது. வேறு ஐந்து பெண்களை அவர்கள் இடத்திலேயே விட்டுவிட்டுக் கூலி முறையை மாத்திரம் மாற்றினார்கள். உற்பத்தி ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு உயர்ந்தது. பக்கத்தில் இருந்தவர்கள், எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று முணுமுணுக்கவே, ஒன்பது வாரத்தில் அதை நிறுத்தினார்கள், உற்பத்தி இறங்கிவிட்டது. மைக்கா பிளக்கும் பெண்களிடத்திலோ, கூலி முறையைத் தொடாமல், தனியறையில் வைத்து ஓய்வு நேரத்தை மாற்றினார்கள். அங்கும் சில காலம் உற்பத்தி உயர்ந்தது, பிறகு தேய்ந்தது. இவற்றை வைத்துக்கொண்டு, காசு பாதி மனம் பாதி என்று தராசு பிடிப்பதில் எனக்கு நாட்டமில்லை. ரிலே அறைப் பெண்கள் மேஸ்திரியின் விரட்டல் இல்லாததால் வேலை விளையாட்டாக இருக்கிறது என்று சொன்னார்கள்; அதை நான் நம்புகிறேன். கூடுதலாகச் செய்ததன் பலன் தங்கள் கைக்கே வந்தது என்பதும் அவர்களுக்குத் தெரியும். இந்த இரண்டும் ஒரே அறையில், ஒரே சமயத்தில் இருந்தன; பிரித்துப் பார்க்க விரும்பியவர்கள் சாஸ்திரிகளே தவிர அந்தப் பெண்கள் அல்லர்.

இனி இரண்டாவது அறை. 1931 நவம்பரில், அமெரிக்கா முழுவதும் தொழில்கள் படுத்துப்போய், ஹாதார்னிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், டெலிபோன் இணைப்புப் பலகைகளுக்குக் கம்பி பூட்டுகிற பதினான்கு ஆண்களைத் தனியறை ஒன்றில் வைத்தார்கள். கம்பி சுற்றுகிறவர்கள் ஒன்பது பேர், பற்றவைக்கிறவர்கள் மூன்று பேர், சரிபார்க்கிற இன்ஸ்பெக்டர்கள் இரண்டு பேர். இந்தத் தடவை எந்த மாறுதலும் செய்வதில்லை, எந்தச் சலுகையும் கொடுப்பதில்லை, மூலையில் ஒருவர் உட்கார்ந்து நடப்பதைப் பார்த்து எழுதுவதோடு சரி என்பது ஏற்பாடு. பார்த்தவருக்குத் தெரிய வந்தது இதுதான்: கம்பெனி வகுத்த இலக்கு நாளொன்றுக்கு ஒருவருக்கு 7,312 இணைப்புகள், அந்த மனிதர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட நியாயமான நாள்வேலை 6,000 அல்லது 6,600. எழுதப்படாத அந்த எண்ணை எவரும் தாண்டுவதில்லை. பிற்பகலில் அந்த அளவை எட்டியவர்கள் கையைத் தளர்த்திக்கொண்டு, பேச்சும் சில்லறைப் பந்தயமும் மிட்டாய் வாங்குவதும் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்ற வழக்குமாகப் பொழுதைப் போக்கினார்கள். தாண்ட முயன்றவனுக்குத் தோள்பட்டைக்குக் கீழே ஓங்கி ஒரு குத்து விழும்; திருப்பி ஒரு குத்து விடலாம்; அத்தோடு விவகாரம் தீர்ந்தது. ஒரு நாள் கொஞ்சம் அதிகமாகச் செய்துவிட்டால் அதைக் கணக்கில் காட்டாமல் வைத்திருந்து, குறைந்த நாளில் சேர்த்துச் சொல்லுவார்கள். அதனால் மேலதிகாரியின் புத்தகத்தில் அவர்களுடைய உற்பத்தி தினமும் ஒரே நேர்கோடாக ஓடியது. தங்களைவிட ஒரு படி மேலானவன் என்று நடந்துகொண்ட இன்ஸ்பெக்டர் ஒருவரை, அவருடைய கருவிகளோடு குறும்பு செய்தே அந்த அறையைவிட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடச் செய்தார்கள்.

இவர்களுக்குப் புத்திக் கூர்மையும் கைத்திறனும் எவ்வளவு என்று பரீட்சைகள் வைத்தார்கள். எல்லாரிலும் குறைவாக உற்பத்தி செய்தவர் எவரோ, அவரே புத்திக் கூர்மையில் முதலாவதாகவும் கைத்திறனில் மூன்றாவதாகவும் வந்தார். இந்த ஒரு தகவலைப் படித்துவிட்டு, திறமையின்மையே உற்பத்திக் குறைவுக்குக் காரணம் என்று இனியும் சொல்லுகிறவர் இருந்தால், அவருடன் வாதிப்பது வீண்.

ஏன் அப்படிச் செய்தார்கள்? கேட்டபோது அவர்கள் மறைக்கவில்லை. நாங்கள் அதிகமாகச் செய்தால் கம்பெனி பீஸ் ரேட்டை, அதாவது உருப்படிக் கூலியை, குறைத்துவிடும். அல்லது இலக்கை உயர்த்திவிடும். அல்லது இத்தனை பேர் எதற்கு என்று சிலரை நிறுத்திவிடும் என்றார்கள். அந்த அறையில் இருந்தவர்களுக்கு அப்படி எதுவும் நேரடியாக நடந்ததில்லை என்றும், தயாரிக்கும் முறை மாறினாலொழிய பீஸ் ரேட்டை மாற்றுவதில்லை என்பது கம்பெனியின் கொள்கை என்றும், ஆகவே அந்தப் பயம் தர்க்கத்துக்கு ஒவ்வாதது, குழு மனப்பான்மையிலிருந்து விளைந்த ஓர் உணர்ச்சி என்றும், ரோத்லிஸ்பெர்கரும் டிக்ஸனும் 1939-இல் வெளியிட்ட பெரிய நூலில் எழுதினார்கள். ரோத்லிஸ்பெர்கர் ஹார்வர்டில் மேயோவின் சகா; டிக்ஸன் அந்தக் கம்பெனியின் உத்தியோகஸ்தர். நான் அந்த நூலின் மற்றப் பகுதிகளை மதிக்கிறவன். அவ்வளவு பொறுமையாகவும் நுணுக்கமாகவும் தொழிலாளியின் நாளைப் பதிந்து வைத்த நூல்கள் அபூர்வம். ஆனால் இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. தெருத்தெருவாக ஆட்கள் வேலை இழந்து நிற்கிற காலத்தில், இருக்கிற வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து நீட்டித்துக்கொள்ள நினைத்தவனுடைய யோசனையில் தர்க்கம் இல்லையாம்! அந்த அறையின் பரிசோதனை 1932 மே மாதத்தில் முடிந்தது. காரணம், வேலை இல்லாமல் போனது.

இந்தப் பயத்தின் நியாயத்தை ஹார்வர்டு மனோதத்துவ நிபுணர்களைக் காட்டிலும் நன்றாகப் புரிந்துகொண்டவர், தொழிலாளிகளின் ஜன்மப் பகையாளி என்று பெயரெடுத்த பிரெடரிக் டெய்லர் என்பதை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. கையில் நிறுத்தக் கடிகாரத்தோடு நின்றவர் அவர். பெத்லஹேம் எஃகு ஆலையில் நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் வார்ப்பிரும்பு சுமந்தவனை நாற்பத்தேழு டன் சுமக்கச் செய்து, அவன் கூலியை 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்த்தியதைப் பெருமையோடு எழுதினவர். அந்தத் தொழிலாளியின் அறிவைப் பற்றி அவர் பயன்படுத்திய சொற்களை இங்கே திருப்பிச் சொல்லக் கூசுகிறது. அவரே இளமையில் பட்டறையில் கடைசல் வேலை செய்தவர். 1911-இல் வெளியான தம் நூலில், தொழிலாளிகள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வதற்கு மூல காரணம் முதலாளிகளே என்று அவர் பச்சையாகச் சொல்லுகிறார்: ஒருவன் பாடுபட்டு உற்பத்தியைப் பெருக்க, அதைக் கண்டு முதலாளி இரண்டு மூன்று தடவை உருப்படிக் கூலியைக் குறைத்துவிட்டால், அதற்குப் பிறகு அவன் முதலாளியின் பக்கத்து நியாயத்தைப் பார்ப்பதை அடியோடு விட்டுவிட்டு, இனி ஒரு குறைப்புக்கும் இடங்கொடேன் என்று தீர்மானித்துவிடுகிறான் என்பது அவர் வாதம். நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார், மருந்துதான் கொடியது. டெய்லரிடம் தொழிலாளிக்கு அறிவில்லை, ஆனால் கணக்கு உண்டு. மேயோவிடம் தொழிலாளிக்கு இதயம் உண்டு, ஆனால் கணக்கு இல்லை. இரண்டில் எது அதிக அவமானம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

டானல்டு ராய் என்ற சமூகவியல் மாணவர் 1944-இல் சிகாகோவில் ஓர் இயந்திரப் பட்டறையில் துளையிடும் இயந்திரத்தில் தாமே ஆளாகச் சேர்ந்து பல மாதங்கள் உழைத்தார். தம் வேலையைத் தாமே குறித்து வைத்தார். மணிக்கு ஒன்றேகால் டாலருக்கு மேல் சம்பாதிக்கக் கூடிய வேலை வந்தால் அவரும் மற்றவர்களைப் போல அந்த எல்லையில் நின்றுகொண்டார். எவ்வளவு முயன்றாலும் அதை எட்ட முடியாதபடி ரேட் இறுக்கமாக வைக்கப்பட்ட வேலை வந்தால் முயலவே இல்லை. படித்தவர், ஆராய்ச்சி செய்ய வந்தவர், குழு மனப்பான்மைக்கு அடிமையாகாதவர் என்று நாம் எதிர்பார்க்கிற ஒருவர், சில வாரங்களுக்குள் அந்தக் கம்பி அறை மனிதர்களின் தர்க்கத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

கூலியைக் குறைக்காமல் உயர்த்திப் பார்த்த ஹென்றி போர்டின் கதை எல்லாருக்கும் தெரிந்தது. அதில் நின்று பேச வேண்டியதில்லை. 1913-இல் அவருடைய ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில் ஏறத்தாழ பதினாலாயிரம் பேரை வேலையில் வைத்திருப்பதற்காக ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் எட்டு மணி நேரத்துக்கு ஐந்து டாலர் என்று அறிவித்ததும் ஆட்கள் வேலையை விட்டு ஓடுவது வெகுவாகக் குறைந்தது. தாம் செய்த செலவுக் குறைப்புகளில் மிகச் சிறந்தவற்றுள் அது ஒன்று என்று அவரே பிற்பாடு சொன்னார். அந்த ஐந்து டாலரைப் பெறுகிறவன் குடிக்கிறானா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறானா என்று வீடு தேடி வந்து பார்க்க ஓர் இலாகாவையும் ஏற்படுத்தினார் என்பது பலர் மறந்துவிடுகிற பின்கதை.

நம்பிக்கை என்ற பதத்தை நான் இதுவரை தவிர்த்து வந்தேன். அது எளிதில் உபதேசமாகிவிடும். ஆனால் கிளீவ்லண்டில் பற்றவைப்பு இயந்திரங்கள் செய்கிற லிங்கன் எலெக்ட்ரிக் கம்பெனியில் அது உபதேசமாக இல்லாமல் விதியாக எழுதப்பட்டிருந்ததால் சொல்லத் துணிகிறேன். அங்கும் பீஸ் ரேட்தான், இரக்கமில்லாத வேகந்தான். ஆனால் ஒரு தடவை நிர்ணயித்த ரேட்டை, தொழிலாளி அதிகமாகச் சம்பாதிக்கிறான் என்ற காரணத்துக்காகக் குறைக்கக் கூடாது. முறையோ இயந்திரமோ மாறினால் மட்டுமே மாற்றலாம். 1934 முதல் வருஷந்தோறும் லாபத்தையொட்டிப் போனஸ். 1958 முதல், குறிப்பிட்ட காலம் பணி செய்தவரை வேலை இல்லை என்று நிறுத்துவதில்லை என்ற உறுதி. 1980-களின் தொடக்கத்தில் மந்தம் வந்து விற்பனை சரிந்தபோது, ஆட்களை நிறுத்துவதற்குப் பதிலாகத் தொழிற்சாலைத் தொழிலாளிகள் சிலரை விற்பனைக்கு அனுப்பினார்கள். அவர்கள் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கிச் சின்ன இயந்திரங்களை விற்றுவிட்டு வந்தார்கள். இதே ஏற்பாட்டை அந்தக் கம்பெனி பிற்காலத்தில் வெளிதேசங்களில் வாங்கிய தொழிற்சாலைகளில் நட்டுப் பார்த்தபோது பெரும்பாலும் பிடிக்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் பெரும் நஷ்டத்தில் முடிந்தது. கிளீவ்லண்டுத் தொழிலாளிக்குப் பல வருஷங்களாக மெய்ப்பிக்கப்பட்ட வாக்குறுதி அது. மற்ற ஊர்க்காரனுக்கோ அது நேற்று ஒட்டிய நோட்டீசு.

நம் தேசத்தில் இந்த விஷயத்துக்கு உலகப் பிரசித்தமான சாட்சியம் ஆமதாபாத்தில் இருக்கிறது. சாராபாய் குடும்பத்தாரின் காலிகோ மில்லில் புதிதாகத் தானியங்கித் தறிகள் வந்திருந்தும் எதிர்பார்த்த பலன் இல்லை. லண்டன் டாவிஸ்டாக் மனித உறவு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1953-இல் வந்த ஏ. கே. ரைஸ் தறிக்கொட்டகையைப் பார்த்தார். 224 தறிகளுக்கு இருபத்தொன்பது பேர். அவர்கள் செய்தது பன்னிரண்டு தனித்தனி வேலைகள். நெய்கிறவருக்கு இத்தனை தறி, நூல் நிரப்புகிறவருக்கு இத்தனை, அறுந்த பாவைச் சேர்க்கிறவருக்கு இத்தனை என்று வேலை நிபுணர்கள் வகுத்திருந்த எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாதபடியால், எந்த ஒரு தறிக்கும் பொறுப்பான கூட்டம் என்று ஒன்று இல்லை; துணி கெட்டால் யாரைக் கேட்பது என்பதும் இல்லை. அறுபத்துநான்கு தறிகளுக்கு ஏழு பேர் கொண்ட ஒரு குழு, அந்தத் தறிகளின் நல்லது கெட்டது முழுவதும் அதன் பொறுப்பு என்று அவர் சொன்ன யோசனையை, அவர் மேற்கொண்டு விளக்குவதற்குள்ளாகவே தொழிலாளிகள் பிடித்துக்கொண்டு, யார் யாரோடு சேருவது என்பதையும் தாங்களே தீர்மானித்துவிட்டார்கள். ஆரம்பத் தடுமாற்றம் அடங்கியபின், எண்பது சதவீதமாக இருந்த தறித்திறன் தொண்ணூற்றைந்தாயிற்று. முப்பத்திரண்டு சதவீதமாக இருந்த சேதம் இருபதுக்கு இறங்கியது.

குழு என்னும் அமைப்பின் வெற்றி என்று ரைஸும் அவர் வழி வந்தவர்களும் இதை விளக்கினார்கள். அது சரிதான், ஆனால் அவர்கள் அதிகமாகப் பிரஸ்தாபிக்காத ஒன்று உண்டு. அந்த ஊர் 1918-இல், அம்பாலால் சாராபாயும் மற்ற மில் முதலாளிகளும் ஒரு பக்கம், அவருடைய சகோதரி அனசூயாவும் காந்தியடிகளும் நெசவாளிகளும் மறுபக்கம் என்று முப்பத்தைந்து சதவீதக் கூலி உயர்வுக்காக மோதிக்கொண்ட ஊர்; அந்த மோதல் பட்டினியிலும் உண்ணாவிரதத்திலும் போய் மத்தியஸ்தத்தில் முடிந்தபின், 1920-இல் மஜூர் மகாஜன் என்ற சங்கம் பிறந்து, கூலித் தகராறுகளை நடுவர் முன் வைத்துத் தீர்க்கிற வழக்கமும் அங்கே வேரூன்றியது. உற்பத்தியைப் பெருக்கினால் மறுநாளே ரேட்டை வெட்டிவிடுவார்கள் என்ற பயம் சிகாகோக்காரனுக்கு இருந்த அளவுக்கு ஆமதாபாத் நெசவாளிக்கு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. வெட்டினால் கேட்க ஒரு சங்கம் இருந்தது, கேட்டால் தீர்ப்புச் சொல்ல ஒரு மேடையும் இருந்தது. அந்த ஏழு பேரின் உற்சாகத்துக்கு அடியில் இந்த முப்பது வருஷத்து விவகாரம் இருந்தது என்பது என் யூகம்.

எரிக் மில்லர் என்ற ஆராய்ச்சியாளர் 1970 வாக்கில் அதே மில்லுக்குப் போய்ப் பார்த்து, 1975-இல் எழுதினார். ஓரிடத்தில் பதினாறு வருஷத்துக்குப் பிறகும் குழுக்கள் ஏறக்குறைய அப்படியே இருந்தன, உற்பத்தியும் தரமும் குன்றவில்லை. மற்ற இடங்களில் பழைய வழிக்குச் சிறிதும் பெரிதுமாகத் திரும்பியிருந்தார்கள். குழு முறையை அங்கேயும் யாரும் ரத்து செய்யவில்லை. சந்தையின் நெருக்கடிகள் வந்தன, மேலிருந்து கைகள் மறுபடியும் தறிகளுக்கிடையே நீண்டன, குழு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வதற்கு விடப்பட்டிருந்த இடம் வருஷத்துக்கு வருஷம் சுருங்கியது. நெய்கிறவர்கள் தங்களுக்கு ஒதுக்கிய தறியை மட்டும் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள்.